கதை தேங்கிய இடம்

ஒரு டி-சட்டை உருவாகும் வரிசையை என்னால் தூக்கத்திலும் சொல்ல முடியும். தோள் சேர்ப்பது, கழுத்துக்கு ரிப் வைப்பது, கை ஏற்றுவது, பக்கம் மூட்டுவது, அடி மடிப்பது. சில நாள் உண்மையாகவே தூக்கத்தில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். காலையில் மங்கலத்திலிருந்து கிளம்பும் கம்பெனி வேனில், ஜன்னலில் தலை சாய்த்ததும் கண்ணுக்குள் துணி வெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சட்டையாகும். சட்டைகள் கை வீசி நடக்கும். நெருப்பெரிச்சல் ரோட்டில் வேன் குலுங்கி நான் விழித்த பிறகும் அவை கொஞ்ச தூரம் கூடவே வரும்.

நான் படித்தது டெக்ஸ்டைல் டெக்னாலஜி. பார்த்தது ஐ.இ., அதாவது இண்டஸ்ட்ரியல் என்ஜினியரிங் டிபார்ட்மென்ட் வேலை. கையில் ஸ்டாப்வாட்ச், கிளிப் அட்டை, சீவிய பென்சில். ஒவ்வொரு தையலுக்கும் ஆகும் நேரத்தைக் குறித்து, எந்த மிஷினில் யாரை உட்காரவைத்தால் பீஸ்கள் நிற்காமல் ஓடும் என்று பார்க்க வேண்டும். லைன் பேலன்சிங் என்று சொல்வோம். ஒருவர் வேகமாகத் தைத்து அடுத்தவர் மெதுவாகத் தைத்தால் நடுவில் பீஸ்கள் குவியும். அப்படிக் குவிகிற இடம் பாட்டில்நெக். அதைக் கண்டுபிடித்துக் கரைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பக்கத்து மேசை என் தோழியுடையது. தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, அப்பா இறந்த பிறகு, சின்ன வயதில் அம்மாவோடு திருப்பூர் வந்தவள். அம்மா எங்கள் கம்பெனியிலேயே செக்கிங்கில் இருந்தார். இவள் பாலிடெக்னிக் முடித்துவிட்டு என்னோடு நேரம் குறித்தாள். ஷிப்ட் முடிந்ததும் கேட்டருகே அம்மாவுக்காக நிற்பாள். அம்மா வந்ததும் முதல் வேலையாக அவர் தலையில் படிந்த பஞ்சைக் கிள்ளிக் கிள்ளி எடுப்பாள். எங்கள் ஊரில் இது எல்லாப் பெண்களும் செய்வது. கேட்டைத் தாண்டியதும் இரண்டிரண்டு பேராக நின்று ஒருவர் தலையை ஒருவர் தட்டிவிடுவார்கள். பேச்சு பாட்டுக்கு நடக்கும், கை பாட்டுக்குப் பஞ்சை எடுக்கும்.

அவளுக்கு சினிமா எடுக்க ஆசை. பார்க்கும் ஆசையை அவள் ஆசையாகவே மதிக்கவில்லை. கோவையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பட்டறைக்குப் போய்வந்தவள், திங்கட்கிழமை டீ நேரத்தில் ஜெராக்ஸ் தாள்களை என் மேசையில் விரித்தாள்.

"ஏட்டி, இதப் பாரேன். தையல் வரிசைக்குப் போடுத மாதிரி கதைக்கும் ஆப்பரேஷன் ஷீட் போட்டுருக்காவ."

உலகத்துப் புராணக் கதைகளைத் தையல் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றுக்குள்ளும் ஒரே வரிசைதான் இருக்கிறது, திரைக்கதை எழுதுகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்றன அந்தத் தாள்கள். நாயகனின் அன்றாட உலகம். ஓர் அழைப்பு வருகிறது. அவன் மறுக்கிறான். யாரோ வழிகாட்டுகிறார்கள். வாசலைக் கடந்து வேறு உலகத்துக்குள் போகிறான். சோதனைகள், கூட்டாளிகள், பகைவர்கள். ஓர் இருண்ட குகை, அதற்குள் பெரும் சோதனை. கையில் ஒரு பரிசு. திரும்பும் வழி. செத்துப் பிழைத்தது போல் ஒரு கணம். கடைசியில் அமுதத்தோடு வீடு திரும்பல். மொத்தம் ஒரு டஜன் படிகள்.

எனக்கு உடனே பிடித்துவிட்டது. டஜனில் அடங்கும் எதுவும் எங்கள் ஊருக்குப் பிடிக்கும்.

நாங்கள் தறிக்காரக் குடும்பம். சஷ்டிக்கு விரதம் இருக்கும் வீடு. அவளுடையது சர்ச்சுக்குப் போகும் வீடு. அன்று வேனில் திரும்பும்போது முருகன் கதையை அந்தப் படிகளில் ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தேன். வேல் வாங்குவது சரி, படை கிளம்புவது சரி, சூரன் மாமரமாகி நிற்பது சரி, மயில் பரிசு. ஒரு படி மட்டும் காலியாக இருந்தது. மறுநாள் அவளிடம் சொன்னேன்.

"ஏன் புள்ள, என்ற சாமி எங்கயுமே மறுக்கலையே. சண்டைக்குப் போன்னு சொன்ன உடனே கிளம்பீட்டாரு."

"எங்க சாமி மறுத்தாவளே," என்றாள் அவள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "தோட்டத்துல முழங்கால் போட்டு, இந்தக் கிண்ணம் எனக்கு வேண்டாம்னு. பொறவுதான் சரின்னாவ."

"அப்ப உன்ற சாமி சினிமாவுக்குத் தோதான ஆளு."

"ஒஞ் சாமி சீரியலுக்கு. மறுக்கவே தெரியல, பாவம்."

அந்த மாதம்தான் எங்கள் முதலாளியின் உறவினரான ஓர் இயக்குநர் சென்னையிலிருந்து வந்தார். ஊத்துக்குளியில் பிறந்து, இளவயதிலேயே சென்னைக்குப் போய், பேச்சையும் அங்கேயே மாற்றிக்கொண்டவர். அடுத்த படத்தில் ஒரு பனியன் கம்பெனி வருகிறதாம். இடம் பார்க்க எங்கள் நிட்டிங் கூடத்துக்குள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உலவினார். அவரை மறித்து, உதவி இயக்குநராகச் சேர வேண்டும் என்று கேட்டுவிட்டாள் என் தோழி. அவர் சிரித்தார்.

"எல்லாருந்தான் கேக்கறாங்க. ஒரு கதை சொல்லுங்க மேடம். ஞாயித்துக்கிழமை மதியம் ஃப்ரீ. கேட்டுட்டுச் சொல்றேன்."

அவள் வீட்டில் அப்போது கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஊர்ப்பக்கத்து மாப்பிள்ளை, நல்ல பிள்ளை, போட்டோவும் வந்துவிட்டது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் பதில் சொல்ல வேண்டும். அன்று மாலை அவர்களுடைய ஒற்றை அறை லைன் வீட்டில் நான் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா தீர்ப்புச் சொன்னார்.

"அந்த சார் கூப்ட்டா போ. நான் மறிக்க மாட்டேன், கர்த்தர் மேல சத்தியமா. கூப்பிடலைன்னா இந்த சினிமாப் பேச்ச இத்தோட விட்டுரணும். மாப்பிள்ளைக்குச் சரின்னு எழுதிருவேன். என்ன சொல்லுத?"

"சரிம்ம," என்றாள் தோழி. பிறகு என் பக்கம் திரும்பி, "கேட்டல்லா? நீதான் சாட்சி."

ஆக, அவளுக்கு இருந்தது ஒரு கதை, ஒரு மதியம்.

கதை அவளிடம் ஏற்கெனவே இருந்தது. தெற்கேயிருந்து அம்மாவோடு இந்த ஊருக்கு வரும் ஒரு சிறுமி வளர்ந்து தையல்காரி ஆகிறாள். கொடுமைக்காரச் சூப்பர்வைசர் ஒருவர், தவறிப்போகும் ஒரு ஆர்டர், அதை அவள் காப்பாற்றுவது. சாப்பாட்டு நேரங்களில் நாங்கள் அதைப் படிகளில் ஏற்றினோம். கடைசிப் படியில்தான் இழுபறி.

"அமுதத்தோட வீடு திரும்பல்னா என்னட்டி? தீவாளி போனஸ் வாங்கிட்டு ஊருக்குப் பஸ் ஏறுததா?"

"போனஸ் மட்டும் பத்தாது. அமுதம்னா அவ ஊருக்கே உதவற மாதிரி இருக்கோணும்."

"அப்பம் ஒரு பண்டில் செகண்ட்ஸ் பனியன்."

சிரித்து முடித்ததும் நான் பென்சிலை எடுத்தேன். அவளுடைய முதல் வரைவு தாறுமாறாக இருந்தது. சில படிகள் ஒரே பத்தி, ஓரிடம் மட்டும் பக்கம் பக்கமாகக் குவிந்து கிடந்தது. பஸ் ஸ்டாண்டில் அந்தச் சிறுமி மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா தங்க இடம் கேட்கப் போயிருக்கிறாள். அவ்வளவுதான் நடப்பது. நான் வரிகளைப் படிக்கவில்லை, பக்கங்களை எண்ணினேன்.

"வாசல் கடக்கற எடத்துலயே இத்தன பீஸ் தேங்குனா, பின்னால இருக்கற மிஷினெல்லாம் சும்மா உக்காந்திருக்கும் புள்ள."

அவள் எட்டிப் பார்த்தாள். அவளும் நேரம் குறிக்கிறவள்தானே. "ஆமால்லா. சரியான பாட்டில்நெக்," என்றாள். தயங்கவே இல்லை. அந்தப் பக்கங்கள் போய், 'பேருந்து நிலையம். பகல். தாயும் மகளும் இறங்குகிறார்கள்' என்ற வரி வந்தது. மிச்சமான நேரத்தை மற்ற படிகளுக்குச் சமமாகப் பிரித்தோம். ஒவ்வொரு படியும் ஒரே நீளம், எங்கும் குவியல் இல்லை. கிளிப் அட்டையில் அதைப் பார்த்தபோது, புது ஸ்டைல் ஏறிய முதல் நாளே லைன் சீராக ஓடியது போல இருவருக்கும் ஒரு நிறைவு.

அந்த வாரம் முழுக்க எனக்கு எல்லாமே படிகளாகத் தெரிந்தன. கேட்டில் ஐ.டி. கார்டு கேட்கும் வாட்ச்மேன் வாசல் காவலன். சாயம் ஏறாமல் திரும்பி வந்த துணி, மறுக்கப்பட்ட அழைப்பு. நிட்டிங் கூடத்தில் வட்ட மிஷின்கள் சுற்றச் சுற்ற, துணி குழாயாகக் கீழிறங்கிக்கொண்டே இருக்கும். அதன் முன் நின்றால், ஒரு பெரிய மிருகத்தின் தொண்டையை வெளியே நின்று பார்ப்பது போலிருக்கும். நாயகர்கள் இதற்குள்தான் போய் வருகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். யாராவது கூப்பிட்டால்தான் கையில் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருப்பது தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை தையல் கூடத்துக்கு விடுமுறை. நிட்டிங் மட்டும் ஓடியது. அதற்கு மேல் மாடியில் சாம்பிள் ரூம். அங்கே துணி ரோல்களுக்கு நடுவில் மூன்று நாற்காலி போட்டோம். இயக்குநர் கறுப்புச் சட்டையில் வந்தார். பனியன் கம்பெனிக்குக் கறுப்புச் சட்டையில் வருபவர் வெளியூர்க்காரர் என்று எங்களுக்குத் தெரியும். உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே பஞ்சு அவர் தோளில் இறங்க ஆரம்பித்தது.

"சொல்லுங்க மேடம்."

தோழி ஆரம்பித்தாள். கீழே மிஷின்களின் இரைச்சல் தரை வழியாக நாற்காலிக் காலுக்கு வந்தது. அவள் தடுமாறவில்லை. அன்றாட உலகம் முடிந்து அழைப்பு, அழைப்பு முடிந்து மறுப்பு. நான் மனதுக்குள் ஒவ்வொரு படிக்கும் டிக் போட்டுக்கொண்டு வந்தேன். இயக்குநர் "ம்" என்றார். சரியான இடைவெளியில் மறுபடியும் "ம்" என்றார். பிறகு தன் சட்டைக் கையில் இருந்த பஞ்சு இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து முழங்காலில் அடுக்கத் தொடங்கினார். சோதனைகள் வந்தன, கூட்டாளிகள் வந்தார்கள். அவர் முழங்காலில் சின்னதாக ஒரு பஞ்சு மேடு உருவாகியிருந்தது. குகைக்குள் நுழையும்போது போனை எடுத்து மணி பார்த்தார்.

அப்போது கரண்ட் போனது.

மின்வெட்டு தொடங்கிய வருடம் அது. வேலை நாளாக இருந்தால் உடனே ஜெனரேட்டர் எழுந்துவிடும். ஞாயிறு என்பதால் அதை ஓட்டுகிறவர் இல்லை. கீழே மிஷின்கள் ஒவ்வொன்றாகச் சுற்றி ஓய்ந்தன. மின்விசிறி தளர்ந்தது. அந்தக் கட்டடத்தில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் கேட்டிராத அமைதி. காற்றில் மிதந்துகொண்டிருந்த பஞ்சு, எங்கே போவதென்று தெரியாதது போல, ஜன்னல் வெளிச்சத்தில் அப்படியே நின்றது.

தோழி பேச்சை நிறுத்தி அதைப் பார்த்தாள். மறுபடி அவள் வாய் திறந்தபோது கதை சொல்லும் குரல் போயிருந்தது.

"சார், இதுல ஒண்ணு விட்டுட்டோம். அந்தப் பிள்ள பஸ் ஸ்டாண்டுல இருந்தாள்ல, அது."

"இறங்கறாங்க, அதானே?"

"எறங்கின பொறவு ரொம்ப நேரம் இருந்தா, சார்."

மெதுவாகச் சொன்னாள். விடிகாலை பஸ் விட்டுப் போகிறது. அம்மா மூட்டையைக் காட்டி, இதை விட்டு எழுந்திரிக்கக் கூடாது என்று சொல்லிப் போகிறாள். சிறுமி உட்கார்ந்திருக்கிறாள். தூணின் நிழல் அவள் காலில் ஏறி, மடியில் ஏறி, இறங்கிப் போகிறது. அவளைக் கடந்து ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து வருபவர்கள். எல்லார் தலையும் வெள்ளை. முகத்தைப் பார்த்தால் அக்காக்கள், அண்ணன்கள். தலை மட்டும் நரைத்திருக்கிறது. புருவம்கூட வெள்ளை. இந்த ஊரில் எல்லாரும் சீக்கிரம் கிழவனாகிவிடுவார்கள் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். தன் சடையை முன்னால் இழுத்துப் பார்க்கிறாள். இன்னும் கறுப்புதான்.

இயக்குநரின் விரல்கள் பஞ்சு எடுப்பதை நிறுத்தியிருந்தன.

"அப்பறம் என்னாச்சுங்க?" என்றார். எங்கள் ஊர்ப் பாணியில் 'ங்க' போட்டு அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சாயங்காலம் ஒரு கிழவி வாரா, சார். நேரா இவளப் பாத்து வாரா. தல முழுக்க வெள்ள. அம்மா சேல மாதிரியே ஒரு சேல. கிட்ட வந்து பேரச் சொல்லிக் கூப்புடுதா. இவ மூட்டையக் கெட்டியாப் பிடிச்சிக்கிட்டு, நீங்க யாருன்னு கேக்கா."

சொல்லிவிட்டு அவள் ஜன்னலைப் பார்த்தாள். மீதி, அவள் அம்மா சொல்லி எனக்குத் தெரியும். பழைய துணி பிரிக்கும் வேஸ்ட் குடோனில் அன்றைக்கே ஆள் வேண்டும், அன்றைக்கே வேலையில் நின்றால் அறை உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா பகல் முழுக்கப் பஞ்சுக்குள் நின்றுவிட்டு வந்திருக்கிறார்.

"ஒரே பகல்லயே அம்மாவுக்கு வயசாயிட்டுன்னு நெனச்சேன், சார். நாம வேற எங்கயோ வந்துட்டோம், இங்க ஒரு நாளுன்னா பல வருஷம்னு நெனச்சேன்."

அவள் 'அவள்' என்பதிலிருந்து 'நான்' என்பதற்கு மாறியதை மூன்று பேரும் கவனித்தோம். நான் புராணத் தாள்களை நினைத்தேன். 'வாசலைக் கடந்து வேறு உலகம்' என்று அதில் இருந்த வரியை எத்தனை தடவை படித்திருப்பேன். அந்த வேறு உலகம் நான் தினமும் வேனில் போய் இறங்கும் ஊர் என்று தோன்றியதே இல்லை.

"அந்தப் படியெல்லாம் நாங்களும் படிச்சதுதான், தப்பில்லீங்க கண்ணு," என்றார் இயக்குநர் கடைசியில். "கதை வழி தப்பாம இருக்கறதுக்கு அது வேணும். ஆனா நடந்துட்டே இருந்தா எப்புடி? இந்தப் பொண்ணு உக்காந்திருந்தா பாருங்க, அங்க நானும் உக்காந்துட்டேன்." முழங்கால் பஞ்சைத் தட்டிவிட்டு, "படம் தை மாசம் ஆரம்பிக்குது. வந்துருங்க. உங்க கதைய நான் எடுக்க மாட்டேன், அத நீங்களே பின்னால எடுத்துக்கோங்க," என்றார்.

எழுந்தபோது அவர் தலையும் மீசையும் வெளுத்திருந்தன. தோழி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சார், நீங்களும் கிழவனாயிட்டிய."

அன்று மாலையே லைன் வீட்டுக்குப் போனோம். அம்மா வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முடிவைச் சொன்னதும் முறம் ஒரு கணம் நின்று, பிறகு ஓடியது.

"சத்தியம் பண்ணிட்டேன். போ," என்றார். "என்ன கதட்டி சொன்ன, அப்படி?"

தோழி சொன்னாள். நிழலையும், நரைத்த அக்காக்களையும், சேலை கட்டிய கிழவியையும். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சிரித்தார்.

"போட்டி கிறுக்கி. நான் வாரயில நீ மூட்ட மேல தூங்கிட்டுல்லா கெடந்த. ரெண்டு தரம் கூப்ட்டேன், எந்திரிக்கல. தூக்கித் தோள்ல போட்டுட்டு வந்தேன்."

"இல்லம்ம, நான் முழிச்சிருந்தேன். யாருன்னு கேட்டேன்லா."

"கேட்டிருந்தா எனக்குத் தெரியாதா? அப்படி ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னைக்கே திருப்பி ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

தோழி கையிலிருந்த கிளிப் அட்டையை வாங்கி நான் என் பையில் வைத்துக்கொண்டேன். முறத்தில் அரிசி எழும்பி எழும்பி விழுந்தது.

தை மாதத்தில் ஒரு மாலை பஸ்ஸில் அவள் கிளம்பினாள். வழியனுப்ப நான் அரை நாள் விடுப்பு எடுத்திருந்தேன். பஸ் ஸ்டாண்டில் எந்தத் தூண் என்று அவள் காட்டினாள். அங்கே இப்போது ஒரு செல்போன் ரீசார்ஜ் கடை. பெட்டியை அதன் அருகில் வைத்துவிட்டு அம்மாவுக்காக நின்றோம்.

அம்மா ஷிப்டிலிருந்து நேராக வருவார் என்று நினைத்திருந்தோம். அவரும் விடுப்பு எடுத்துத் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைத்துப் படிய வாரி, இஸ்திரி போட்ட சேலையில் வந்தார். கையில் ஒரு தூக்கில் புளிச்சோறு. தோழி பழக்கத்தில் கையை உயர்த்தி, அவர் காதோரம் வெள்ளையாக இருந்ததைக் கிள்ளி எடுக்கப் போனாள். விரலில் ஒன்றும் வரவில்லை. மறுபடி கிள்ளினாள். வகிட்டின் இரண்டு பக்கமும் அப்படித்தான் இருந்தது. பஞ்சு ஓர் இழைகூட இல்லை.

"என்னட்டி பாக்க?"

"ஒண்ணுமில்லம்ம."

"சோறு கெட்டுப்போகும், பத்து மணிக்குள்ள தின்னுரு. ஏறு. சன்னல் சீட்டாப் பிடி."

பஸ் திரும்பி, பெயர்ப் பலகைகளுக்குப் பின்னால் மறைந்தது. நான் வேனைப் பற்றி யோசித்தேன். அம்மா நகரவில்லை. ரீசார்ஜ் கடைக்கு முன்னால் கிடந்த சிமெண்ட் பெஞ்சைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"கொஞ்சம் இருந்துட்டுப் போவோம், பிள்ள."

நானும் உட்கார்ந்தேன். பஸ் நின்றிருந்த இடத்தில் கம்பத்தின் நிழல் நீண்டு, எங்கள் கால்வரை வந்தது. பகல் ஷிப்ட் முடிந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சின்னப் பெண்கள், பையன்கள், எல்லாரும் நரைத்த தலையோடு எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.